ரோமா மக்களுக்கான கொடைப்பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புடாபெஸ்டில் ஓர் அறக்கட்டளையில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ரோமா குடியிருப்புகளில் இயங்கும் சிறு குழுக்கள் நிதி கேட்டு அனுப்பும் விண்ணப்பங்களைப் படித்து, கொடுக்கலாமா கூடாதா என்று குறிப்பெழுதுவதுதான் அந்த வேலை. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது உறவினர்களும், சமூகப்பணி படிக்கும் மாணவர்களும், இங்கே தொண்டு நிறுவனம் நடத்தும் நண்பர்களும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ரோமா என்றால் ரோம் நகரத்துக்காரர்களா, ருமேனியாக்காரர்களா?

இரண்டும் இல்லை. அவர்களுடைய ரோமானி மொழியில் 'ரோம்' என்பதற்கு ஆண், கணவன், தம் இனத்தவன் என்று பொருள். அதன் பன்மை 'ரோமா'. ருமேனியா என்ற பெயர் ரோமப் பேரரசிலிருந்து வந்தது. இரண்டு சொற்களும் ஒலிப்பில் ஒத்துப்போவது தற்செயலே. ருமேனியாவில் ரோமா மக்கள் பெருந்தொகையாக வாழ்வதால் குழப்பம் இன்னும் கூடிவிடுகிறது.

ஐரோப்பா முழுவதும் 1 கோடி முதல் 1.2 கோடி பேர் வரை இருக்கலாம் என்றும், அவர்களில் சுமார் 60 லட்சம் பேர் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வாழ்கிறார்கள் என்றும் மதிப்பிடப்படுகிறது. மதிப்பீடு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மை ரோமா என்று பதிவு செய்யப் பலர் தயங்குகிறார்கள். நாஜிகளின் காலத்தில், காவல்துறை வைத்திருந்த பெயர்ப் பட்டியல்களைக் கொண்டே ஆட்களைப் பிடித்துச் சென்றார்கள் என்பது குடும்பங்களுக்குள் இன்றும் சொல்லப்படும் கதை.

'ஜிப்சி' என்று சொன்னால் என்ன தவறு? எல்லாரும் அப்படித்தானே சொல்கிறார்கள்?

எகிப்திலிருந்து வந்தவர்கள் என்ற தவறான நம்பிக்கையில் ஐரோப்பியர்கள் வைத்த பெயர் அது. கிழக்கு ஐரோப்பாவில் வழங்கும் 'சிகான்', 'சிகானி' போன்ற பெயர்கள் அதைவிட மோசமானவை. ருமேனிய நிலப்பகுதிகளில் அந்தச் சொல்லுக்குப் பல நூற்றாண்டுகளாக அடிமை என்பதே பொருளாக இருந்தது. ஆயினும் ஸ்பெயினில் 'ஹிதானோ' என்ற பெயரைப் பலர் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். பிரிட்டனில் தம்மை ஜிப்சி என்றே அழைத்துக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு. ஜெர்மனியில் சிந்தி என்ற தனிப் பிரிவினர் இருக்கிறார்கள். அவரவர் தம்மை எப்படி அழைத்துக்கொள்கிறார்களோ அப்படியே அழைப்பதுதான் முறை. தெரியாத இடத்தில் ரோமா என்று சொன்னால் பழுதில்லை.

இவர்கள் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, அதற்கு முதற்சான்று அவர்களுடைய மொழி. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடமேற்கிலிருந்து வெளியேறியவர்களின் வழிவந்தவர்கள் என்பதில் அறிஞர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. தண்ணீருக்குப் 'பானி', காதுக்குக் 'கன்', மனிதனுக்கு 'மனுஷ்'. எண்ணச் சொன்னால் 'யேக், துய், த்ரின், ஷ்தார், பஞ்ச்' என்று தொடங்குவார்கள். ஏழு, எட்டு, ஒன்பதுக்கு வந்ததும் 'எஃப்தா, ஒக்தோ, எனியா' என்று கிரேக்கத்துக்குத் தாவிவிடுவார்கள். பாரசீகச் சொற்கள், ஆர்மேனியச் சொற்கள், கிரேக்கச் சொற்கள் என்று அந்த மொழியில் படிந்திருக்கும் அடுக்குகளே அவர்கள் நடந்து வந்த வழியைச் சொல்லிவிடுகின்றன. 1971 ஏப்ரலில் லண்டனுக்கு அருகில் கூடிய முதல் உலக ரோமானி மாநாடு ஏற்ற கொடியில், நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே 16 ஆரங்கள் கொண்ட சிவப்புச் சக்கரம் இருப்பதும் இந்தத் தொடர்பை நினைவூட்டத்தான்.

ஆனால் உதவி செய்வதற்கு இதைக் காரணமாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு நாட்டில் அறுநூறு ஆண்டுகளாக வாழ்பவர் அந்த நாட்டின் குடிமகன். அவருக்குச் சேரவேண்டியதைக் கொடுக்கும் கடமை அந்த நாட்டுக்கே உரியது. 'இந்தியாவிலிருந்து வந்தவர்கள்' என்ற இதே உண்மை, 'அங்கேயே திரும்பிப் போங்கள்' என்று கூச்சலிடுகிறவர்களுக்கும் பயன்பட்டிருக்கிறது.

அப்படியானால் நம் ஊர் நரிக்குறவர்களும் இவர்களும் ஒரே இனமா?

நரிக்குறவர்கள் பேசும் வாக்ரிபோலியும் இந்தோ-ஆரிய மொழிதான் என்பதைத் தவிர, இரு சமூகங்களும் ஒரே கூட்டத்திலிருந்து பிரிந்தவை என்பதற்குச் சான்று இல்லை. மற்றவர்கள் இருவரையும் நடத்தும் விதத்தில்தான் ஒற்றுமை அதிகம் இருக்கிறது. திருட்டுப் பட்டம், பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்காரத் தயக்கம், பள்ளியில் கடைசி வரிசை ஆகியவற்றுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாது.

ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட வேண்டும். நரிக்குறவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டதைப் போன்ற, சட்டத்தில் வேரூன்றிய விரிவான இடஒதுக்கீட்டு ஏற்பாடு ஐரோப்பாவில் பொதுவாக இல்லை. ருமேனியாவில் 1990களிலிருந்து பல்கலைக்கழகங்களில் ரோமா மாணவர்களுக்குத் தனி இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. பல நாடுகளில் அந்தக் குறையை அறக்கட்டளைகளின் உதவித்தொகையே ஓரளவு நிரப்பியது.

ஐரோப்பா பணக்காரக் கண்டம். அங்கே இருப்பவர்களுக்கு எதற்குத் தருமப் பணம்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 2016லும் 2021லும் நடத்திய ஆய்வுகளின்படி, கேட்டறியப்பட்ட ரோமா மக்களில் 80 விழுக்காட்டினர் தத்தம் நாட்டின் வறுமை அபாயக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். ஒன்றியத்தின் மொத்த மக்கள்தொகையில் அந்தப் பங்கு 17 விழுக்காடு அளவில்தான் இருக்கிறது. நாடு பணக்கார நாடாக இருப்பது இவர்களுடைய வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவதற்கு உத்தரவாதம் ஆகவில்லை.

காரணங்கள் நெடுங்காலத்தவை. இன்றைய ருமேனியாவின் பகுதிகளான வலாக்கியாவிலும் மொல்டாவியாவிலும் ரோமா மக்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அரசுக்கும் மடங்களுக்கும் நிலப்பிரபுக்களுக்கும் சொந்தமான அடிமைகளாக இருந்தார்கள். விடுதலையின்போது இழப்பீடு கொடுக்கப்பட்டது உடைமையாளர்களுக்குத்தான். நாஜிகளும் அவர்களுடைய கூட்டாளிகளும் 2 லட்சம் முதல் 5 லட்சம் ரோமா, சிந்தி மக்களைக் கொன்றதாக மதிப்பிடுகிறார்கள். ஆஷ்விட்ஸ்-பிர்கெனா வதைமுகாமில் எஞ்சியிருந்த 4,000க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், 1944 ஆகஸ்ட் 2ஆம் தேதி இரவில் கொல்லப்பட்டார்கள். போருக்குப் பிறகு 1956இல் மேற்கு ஜெர்மனியின் உச்சநீதிமன்றம், 1943க்கு முன் நடந்தவை இன அடிப்படையிலான ஒடுக்குமுறை ஆகா என்று கூறி இழப்பீட்டுக் கதவையும் சாத்தியது. நடந்தது இனப்படுகொலை என்று அந்நாட்டு அரசு ஒப்புக்கொள்ள 1982 ஆயிற்று.

அண்மைக் காரணம், 1989இல் கிழக்கு ஐரோப்பாவின் சோஷலிச ஆட்சிகள் கவிழ்ந்தது. அந்த ஆட்சிகள் ரோமா மக்களின் மொழியையும் தொழில்களையும் நசுக்கின. ஆனால் சுரங்கத்திலும் எஃகு ஆலையிலும் கூட்டுப்பண்ணையிலும் வேலை கொடுத்தன. அவை மூடப்பட்டபோது முதலில் வெளியே அனுப்பப்பட்டவர்கள் கீழ்நிலைத் தொழிலாளர்களான இவர்களே.

நாடோடிகளுக்கு வீடும் பள்ளியும் கொடுத்து என்ன பயன்? ஓர் இடத்தில் இருக்கமாட்டார்களே?

கிழக்கு, நடு ஐரோப்பாவின் ரோமா மக்களில் மிகப் பெரும்பாலோர் பல தலைமுறைகளாக ஒரே ஊரில் வாழ்பவர்கள். அடிமைகளாக நிலத்தோடு கட்டப்பட்டிருந்தவர்கள் எங்கே அலைந்திருக்க முடியும்? இன்று அவர்கள் இடம் மாறுவது பெரும்பாலும் வேலை தேடியோ, வெளியேற்றப்பட்டோதான். 2010 டிசம்பர் 17 அன்று, கடுங்குளிரில், ருமேனியாவின் குளூஜ் நகரின் நடுவே கோஸ்தேய் தெருவில் இருந்த 76 குடும்பங்களை நகராட்சி அப்புறப்படுத்தி, அவர்களில் பெரும்பாலோரை நகரக் குப்பை கொட்டும் பாத்தா ராத் மேட்டுக்கு அருகில் குடியேற்றியது.

யார்தான் இந்தப் பணத்தைக் கொடுக்கிறார்கள்?

முதலில் சொல்லவேண்டிய பெயர் ஜார்ஜ் சோரோஸ். 1930இல் புடாபெஸ்டில் பிறந்து, நிதிச் சந்தையில் பெரும்பொருள் ஈட்டிய இவர் 1984இல் ஹங்கேரியில் தம் முதல் அறக்கட்டளையைத் தொடங்கினார். அவருடைய ஓப்பன் சொசைட்டி அமைப்புகள், ரோமா மக்களுக்காக மிக நீண்ட காலம் தொடர்ந்து செலவிட்ட தனியார் கொடையாளர் என்று சொல்லலாம். அவையும் உலக வங்கியும் சேர்ந்து 2005இல் ரோமா கல்வி நிதியத்தை உருவாக்கின. 2017இல் பெர்லினில் தொடங்கிய ரோமா கலை, பண்பாட்டுக்கான ஐரோப்பிய நிறுவனத்தின் பின்னாலும், ஐரோப்பிய நாடுகளின் மனித உரிமை அமைப்பான ஐரோப்பிய மன்றத்தோடு அவை நின்றன.

ஜெர்மனியில், நாஜிகளால் கட்டாய வேலைக்கு உட்படுத்தப்பட்டோருக்கு இழப்பீடு கொடுப்பதற்காக 2000இல் அமைந்த நினைவு, பொறுப்பு, எதிர்காலம் என்ற அறக்கட்டளை ரோமா, சிந்தி அமைப்புகளுக்கும் உதவுகிறது. பல்கேரியாவில் அமெரிக்கா ஃபார் பல்கேரியா அறக்கட்டளையின் நிதியில் சமூகச் சாதனைக்கான அறக்கட்டளை என்ற அமைப்பு இயங்குகிறது. நார்வே தரும் நல்கைகள் அரசுப் பணம் என்றாலும், களத்தில் அறக்கட்டளைப் பணத்தைப் போலவே புழங்குகின்றன.

ஐரோப்பிய ஒன்றியமே கோடி கோடியாகக் கொட்டும்போது அறக்கட்டளைகளின் சில்லறை எதற்கு?

தொகையை ஒப்பிட்டால் சில்லறைதான். ஆனால் ஒன்றியத்தின் பணம் தலைநகர அமைச்சகங்கள் வழியாக இறங்கி வருகிறது. பெரும்பாலும் முதலில் செலவு செய்துவிட்டு, ரசீதுகளைக் கொடுத்துப் பிறகு திரும்பப் பெறவேண்டும். தன் பங்காக ஒரு பகுதியையும் போடவேண்டும். ஊர்ப் பேரூராட்சி மன்றமோ பெரிய நிறுவனமோ இதைத் தாங்கும். மூன்று பேர் நடத்தும் குடியிருப்புக் குழுவால் முடியாது.

நான் கையாண்ட கோப்பு ஒன்றைச் சொல்கிறேன். மாலை நேரப் பாடசாலை நடத்தும் ஒரு குழுவுக்குப் பொது நிதியிலிருந்து வரவேண்டிய தவணை ஏழு மாதம் தாமதமாயிற்று. காரணம், விறகு வாங்கிய ரசீதில் எடை கிலோவில் இருந்தது. திட்டத்தில் கன மீட்டர் என்று எழுதியிருந்தார்கள். திருத்தக் கடிதம் மூன்று மேசைகளைக் கடந்து வருவதற்குள் குளிர்காலம் முடிந்துவிட்டது. இடையில் ஆசிரியை சம்பளமில்லாமல் வகுப்பெடுத்தார். அவருடைய கணவர் தம் வண்டியை அடகு வைத்தார். நாங்கள் கொடுத்தது, அந்தத் தவணை வரும்வரை தாக்குப்பிடிப்பதற்கான கைமாற்றுத் தொகைதான். திட்டத்தின் மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அறக்கட்டளைப் பணத்தின் பயன் அதன் அளவில் இருப்பதைவிட, விரைவில் வருவதிலும், தோற்றால் தோற்கட்டும் என்று ஒன்றைச் செய்துபார்க்க இடம் கொடுப்பதிலும் இருக்கிறது.

செய்துபார்த்து வெற்றி பெற்றதற்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

பல்கேரியாவின் வடமேற்கு மூலையில், டான்யூப் நதிக்கரையில் இருக்கும் விதின் நகரம். அங்கே நோவ் பட் என்ற பெரிய ரோமா குடியிருப்பு. அதற்குள் ரோமா பிள்ளைகள் மட்டுமே படிக்கும் ஒரு பள்ளி. 2000ஆம் ஆண்டு ட்ரோம் என்ற உள்ளூர் ரோமா அமைப்பு, ஓப்பன் சொசைட்டியின் நிதியோடு, சில நூறு பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி நகரத்தின் பொதுப் பள்ளிகளுக்கு அழைத்துச் செல்லத் தொடங்கியது. செலவுப் பட்டியல் மிகச் சாதாரணமானது: பேருந்து, டீசல், ஓட்டுநர், பிள்ளைகளோடு கூடவே போய்வரும் சில பெரியவர்கள், இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் காலணியும் மதியச் சாப்பாடும். முன்கூட்டியே வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடமும், பள்ளி பள்ளியாகப் போய்த் தலைமையாசிரியர்களிடமும் பேசியதற்கு ரசீது கிடையாது. திட்டம் நிலைத்து நின்றது அதனால்தான் என்பது என் எண்ணம்.

அடுத்த சில ஆண்டுகளில் மொந்தானா, பிளெவென், ஸ்தாரா ஸகோரா, ஹாஸ்கோவோ என்று மற்ற ஊர்களும் இதைப் பின்பற்றின. ஒரு சிறு வேடிக்கை: மொழி பற்றிய கேள்வியில் கிரேக்க அடுக்கு என்று குறிப்பிட்டேன் அல்லவா? 'ட்ரோம்' என்ற ரோமானிச் சொல்லும் கிரேக்கத்திலிருந்து வந்ததுதான். பாதை என்று பொருள். 'நோவ் பட்' என்றால் பல்கேரிய மொழியில் புதிய பாதை.

பேருந்தில் ஏற்றி அனுப்புவானேன்? அவர்கள் இருக்கும் இடத்திலேயே நல்ல பள்ளி கட்டிக்கொடுக்கலாமே?

கொடையாளர்களுக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான். கட்டடம் கண்ணுக்குத் தெரியும், பெயர்ப்பலகை வைக்கலாம். ஆனால் ஒதுக்கப்பட்ட குடியிருப்புக்குள் கட்டப்படும் பள்ளி, ஊரார் விரும்பும் பிரிவினையைப் புது வண்ணம் பூசி நிலைநிறுத்தவே உதவும். சில ஆண்டுகளில் நல்ல ஆசிரியர்கள் மாற்றல் வாங்கிக்கொண்டு போவார்கள், பாடம் குறையும், பள்ளியின் பெயரே சான்றிதழில் கறையாகிவிடும்.

விதிவிலக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹங்கேரியின் பேச் நகரில் 1994இல் தொடங்கிய காந்தி பள்ளி ரோமா மாணவர்களைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதற்காகவே அமைந்த மேல்நிலைப் பள்ளி. மகாத்மா காந்தியின் பெயர்தான் அது. அங்கே ரோமா சமூகங்களின் மொழிகளான லோவாரியும் பேயாஷும் கற்பிக்கப்படுகின்றன. விரும்பித் தேர்ந்தெடுத்து, தேர்வை நோக்கிப் படிக்கச் செல்லும் இடம் அது. வேறு பள்ளியில் இடம் மறுக்கப்பட்டதால் போய்ச் சேரும் இடத்தை அதனோடு ஒப்பிடக்கூடாது.

தருமப் பணத்தை வழக்கறிஞர்களுக்குக் கொடுப்பது நியாயமா? அந்தப் பணத்தில் எத்தனை பிள்ளைகளுக்குச் சோறு போடலாம்?

செக் நாட்டின் ஒஸ்த்ராவா நகரில் ரோமா பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான சிறப்புப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். மற்றப் பிள்ளைகளில் அது இரண்டு விழுக்காடுகூட இல்லை. 18 பிள்ளைகளின் சார்பில், அறக்கட்டளைப் பணத்தில் இயங்கும் ஐரோப்பிய ரோமா உரிமைகள் மையம் 1999இல் வழக்கைத் தொடங்கியது. நாட்டுக்குள் தோல்வி, ஸ்ட்ராஸ்பர்கில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் முதல் அமர்வில் 2006இல் மீண்டும் தோல்வி, 2007 நவம்பர் 13 அன்று பேரமர்வில் 13க்கு 4 என்ற கணக்கில் வெற்றி. வெளிப்படையான உள்நோக்கம் நிரூபிக்கப்படாவிட்டாலும், விளைவே ஓர் இனத்தை ஒதுக்குவதாக இருந்தால் அது பாகுபாடுதான் என்றும், அதை எண்ணிக்கைகளைக் கொண்டே காட்டலாம் என்றும் அந்தத் தீர்ப்பு கூறியது. எட்டு ஆண்டுகள் தோற்றுத் தோற்று நடத்தப்படும் வழக்குக்கு எந்த அரசும் பணம் கொடுக்காது. தன்மேல் தொடுக்கப்படும் வழக்குக்கு நிச்சயமாகக் கொடுக்காது.

தீர்ப்பு வந்தவுடன் எல்லாம் மாறிவிட்டதா என்றால் இல்லை. சிறப்புப் பள்ளிகளின் பெயர்ப்பலகை மாறிற்று. உள்ளே இருந்த பிள்ளைகள் பெரும்பாலும் அவர்களே. 2014இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் செக் அரசின்மேல் நடவடிக்கை எடுக்கும் நிலை வந்தது. ஹங்கேரியின் ஜியோங்யோஷ்பட்டா ஊரில் தனி வகுப்பில் அடைக்கப்பட்ட ரோமா மாணவர்களுக்குச் சுமார் 10 கோடி ஃபோரிண்ட் இழப்பீட்டை 2020இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. பிரதமரே அந்த இழப்பீட்டைக் கடிந்து பேசினார். அதே ஆண்டில், இனி இத்தகைய வழக்குகளில் பணமாகக் கொடுக்காமல் பயிற்சியாகவே கொடுக்கும்படி சட்டமும் திருத்தப்பட்டது. இவ்வளவுக்குப் பிறகும், சோறா வழக்கா என்று கேட்டால் வழக்குக்கும் ஒரு பங்கு வேண்டும் என்றே சொல்வேன். செக் அரசு கட்டாயக் கருத்தடைக்கு ஆளான, பெரும்பாலும் ரோமா இனத்தவரான பெண்களுக்கு ஆளுக்கு 3 லட்சம் கொருனா கொடுக்க 2021இல் சட்டம் இயற்றியதும், பாதிக்கப்பட்ட பெண்களே பல ஆண்டுகள் வழக்காடியும் குரல் கொடுத்தும் பெற்றதுதான்.

பெற்றோருக்கே பிள்ளைகளைப் படிக்கவைக்க விருப்பமில்லை என்கிறார்களே?

பல்கேரியாவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். மேலே குறிப்பிட்ட சமூகச் சாதனைக்கான அறக்கட்டளையும் உலக வங்கியும் 2014இல் இருநூறுக்கும் மேற்பட்ட குடியிருப்புகளைக் குலுக்கல் முறையில் பிரித்துக்கொண்டன. சில இடங்களில் மழலையர் பள்ளியின் மாதக் கட்டணத்தை நீக்கினார்கள். சிலவற்றில் அதோடு, பிள்ளை ஒழுங்காக வந்தால் பெற்றோருக்கு உணவுச் சீட்டும் கொடுத்தார்கள். சிலவற்றில் கல்வியின் அருமையை எடுத்துச்சொல்லும் கூட்டங்கள் நடத்தினார்கள். கட்டணம் நீங்கியவுடனே சேர்க்கையும் வருகையும் தெளிவாக உயர்ந்தன. உணவுச் சீட்டோ அறிவுரைக் கூட்டமோ அதற்குமேல் சொல்லத்தக்க பயன் எதையும் தரவில்லை.

விருப்பம் ஏற்கெனவே இருந்தது, தடுத்தது கட்டணம். பல்கேரியா 2022இல் அரசு மழலையர் பள்ளிக் கட்டணத்தை எல்லாருக்குமே நீக்கிவிட்டது. என்னைக் கேட்டால், ஓர் அறக்கட்டளை செய்யத்தக்க வேலைக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது: சிறிதாகச் செய்து, அளந்து, முடிவை அரசின் மேசையில் வைப்பது.

வீடு கட்டிக்கொடுப்பதில் என்ன சிக்கல்? பணம் இருந்தால் போதாதா?

முதற்சிக்கல் நிலத்தின் பட்டா. பல குடியிருப்புகள் நிற்கும் மண், அங்கே வாழ்பவர்களுக்குச் சொந்தமானதன்று. பட்டா இல்லாத இடத்தில் குடிநீர் இணைப்பும் கிடையாது, அஞ்சல் முகவரியும் கிடையாது, கட்டினால் இடிப்பதற்கும் அதிகாரம் உண்டு. கிழக்கு ஸ்லோவாக்கியாவின் ராங்கோவ்ட்சே கிராமத்தில் ஒரு தொண்டு நிறுவனம் வேறு வரிசையில் போனது. முதலில் குடும்பங்கள் மாதாமாதம் சிறு தொகை சேமித்தன. நிலத்துக்கு உரிய ஏற்பாடு செய்யப்பட்டது. பிறகு குறைந்த கடன் கொடுத்து, மேற்பார்வையோடு அவர்களே சிறிய வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். மெதுவான வேலை, ஆண்டறிக்கையில் எண்ணிக்கையாகப் பார்த்தால் அற்பமாகத் தெரியும்.

பாத்தா ராத் மேட்டைப் பற்றி மேலே சொன்னேன். நார்வே நல்கையோடு நடந்த திட்டம் 2017 அளவில் 35 குடும்பங்களுக்கு அங்கிருந்து வெளியே வீடு அமைத்துக்கொடுத்தது. நல்ல திட்டம்தான். ஆனால் ஒரே நாளில் 76 குடும்பங்களை அப்புறப்படுத்த முடிந்த நகராட்சிக்கு, அதில் பாதிகூட இல்லாத எண்ணிக்கையைத் திரும்பக் கொண்டுவர வெளிநாட்டுப் பணமும் ஆறேழு ஆண்டுகளும் தேவைப்பட்டன.

ஏதோ 'ரோமா பத்தாண்டு' என்று அறிவித்தார்களாமே, அது தோல்விதானே?

2005 பிப்ரவரியில் சோபியா நகரில் எட்டு நாடுகளின் தலைவர்கள் கையெழுத்திட்ட 'ரோமா மக்களை உள்ளடக்கும் பத்தாண்டு' 2015இல் முடிந்தது. கல்வி, வேலை, உடல்நலம், வீடு என்று நான்கு துறைகள். இதற்கெனத் தனி நிதி ஒதுக்கீடு இல்லை. செய்யாத நாட்டுக்குத் தண்டனையும் இல்லை. ஐந்தாம் கேள்வியின் விடையில் உள்ள 80 விழுக்காட்டை வைத்துப் பார்த்தால் தோல்வி என்று சொல்ல இடமுண்டு.

ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் தன் உறுப்பு நாடுகள் எல்லாவற்றையும் ரோமா உத்தி வகுக்கச் சொன்னபோது இந்த நான்கு துறைகளையே எடுத்துக்கொண்டது. 2020இல் அடுத்த பத்தாண்டுக்கான சட்டகத்தையும் அறிவித்தது. அந்தக் கூட்டங்களுக்கு உதவியாளர்களாக வந்துபோன ரோமா இளைஞர்கள் சிலர் இன்று கொள்கை வகுக்கும் இடங்களில் இருக்கிறார்கள்.

பணமெல்லாம் நடுவில் இருப்பவர்களுக்கே போகிறது என்று ரோமா மக்களே சொல்கிறார்களே?

சொல்கிறார்கள், அதில் உண்மையும் இருக்கிறது. ஓட்டல் அரங்கில் கருத்தரங்கு, மூன்று மொழிகளில் அறிக்கை, அதைத் தயாரித்த ஆலோசகருக்குக் கட்டணம் என்று கரைந்த தொகைகளை நானே கணக்கில் பார்த்திருக்கிறேன். என் மேசைக்கு வந்த விண்ணப்பங்களில் மிக நேர்த்தியானவை, விண்ணப்பம் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்களிடமிருந்து வந்தவை. குடியிருப்பிலிருந்து வந்தவற்றில் கூட்டல் பிழை இருக்கும். கூடவே, மின்வாரியம் இணைப்பைத் துண்டித்த நோட்டீசின் நகல் இருக்கும். ஆரம்ப நாட்களில் நானும் கூட்டல் பிழைக்காகச் சிலவற்றைத் தள்ளிவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

முடிவெடுக்கும் இடத்தில் ரோமா மக்களே இருக்கவேண்டும் என்ற கோரிக்கை இந்தக் கசப்பிலிருந்து வந்தது. ஓப்பன் சொசைட்டி 10 கோடி யூரோ தருவதாக உறுதியளித்து உருவான ஐரோப்பாவுக்கான ரோமா அறக்கட்டளை, ரோமா தலைமையிலேயே இயங்குகிறது. அதனால் மட்டும் வீண்செலவு நின்றுவிடாது. ஆனால் யாரிடம் கணக்குக் கேட்பது என்பது தெளிவாகிறது.

சோரோஸ் பணம் என்றாலே அரசியல்தானே?

ஹங்கேரி அரசு அப்படித்தான் சொன்னது. வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகளுக்கென 2017இல் ஒரு சட்டம் இயற்றியது. அதை 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்றது. இதற்கிடையில் 2018இல் ஓப்பன் சொசைட்டி தன் புடாபெஸ்ட் அலுவலகத்தைப் பெர்லினுக்கு மாற்றிக்கொண்டது. பள்ளிப் பிரிவினையைக் கேள்வி கேட்பது அரசியல் என்றால், அது அரசியல்தான்.

என் கவலை வேறு. ஒரே கொடையாளரை நம்பி ஒரு துறை முழுவதும் முப்பது ஆண்டுகள் இயங்கியது நல்லதன்று. அவருடைய முன்னுரிமை மாறும்போது, பணியாளர் ஐந்து பேரும் கணினி இரண்டும் கொண்ட சிறு அமைப்புகள் ஒரே ஆண்டில் மறைந்துபோயின. ஊரில் வியாபாரம் செய்து முன்னேறிய ரோமா குடும்பங்களிடமிருந்தும் உள்ளூர் நகராட்சியிடமிருந்தும் கொஞ்சமாவது பணம் திரட்டியவை தப்பின.

உதவித்தொகை வாங்கிப் படித்தவர்கள் ஊரை விட்டுப் போய்விட மாட்டார்களா?

போவார்கள். மருத்துவர் மகன் போனால் யாரும் கேட்பதில்லை. ரோமா மகள் போனால் மட்டும் கேட்கிறோம். திரும்பி வருபவர்களும் உண்டு: ருமேனியாவில் தொண்டு அமைப்பு ஒன்று 1990களில் தொடங்கிய சுகாதார இணைப்பாளர் பணியை 2002இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் ஏற்றுக்கொண்டது. குடியிருப்பிலேயே வளர்ந்த பெண்கள் தாய்மாருக்கும் மருத்துவருக்கும் நடுவே நின்று பேசுகிறார்கள், தடுப்பூசி அட்டைகளைச் சரிபார்க்கிறார்கள்.

ஹங்கேரியில் அம்பேத்கர் பெயரில் பள்ளி இருக்கிறதாமே?

இருக்கிறது. வடகிழக்கு ஹங்கேரியில், சுரங்கங்கள் மூடப்பட்ட வட்டாரத்தில், சாயோகாசா என்ற ஊரில் 2007இல் ஜெய் பீம் என்ற பெயரில் ரோமா பௌத்தர்கள் அமைத்த சங்கம் அதைத் தொடங்கியது. பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர்கள் மேல்நிலைத் தேர்வு எழுத அங்கே படிக்கிறார்கள். அம்பேத்கரின் வாழ்க்கையில் தங்கள் வாழ்க்கையைக் கண்டதாக அவர்கள் சொல்கிறார்கள். இந்தியாவோடு இவர்களுக்கு உள்ள உறவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு, கொடியின் சக்கரத்தைவிட இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

நான் சிறு தொகை கொடுக்க விரும்புகிறேன். எதைப் பார்த்துக் கொடுப்பது?

அமைப்பின் நிர்வாகக் குழுவில் ரோமா மக்கள் எத்தனை பேர், காசோலையில் கையெழுத்திடுபவர் யார் என்று கேளுங்கள். பிள்ளைகளைப் பொதுப் பள்ளியோடு சேர்க்கிறார்களா, தனியே பிரித்து வைக்கிறார்களா என்று பாருங்கள். ஒரே தவணையில் பெருந்தொகை கொடுப்பதைவிட, மூன்று ஆண்டுகளுக்குச் சிறிது சிறிதாக, சம்பளத்துக்கும் வாடகைக்கும் பயன்படுத்தலாம் என்ற அனுமதியோடு கொடுங்கள்.

பணத்துக்குப் பதில் துணிமணி அனுப்பலாமா?

ஸ்லோவாக்கியாவில் ஒரு குடியிருப்பின் சமூகக் கூடத்தில், மேற்கு நாடுகளிலிருந்து வந்த குளிர்காலக் கோட்டுகள் கூரைவரை அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். பெரும்பாலும் பெரிய அளவு ஆண்களுடையவை. அடியில் இருந்தவை பூஞ்சை பிடித்துவிட்டன. எடுத்துப்போக வண்டிக்கூலி கொடுக்க ஆளில்லை. அதே கூடத்திலிருந்து எங்களுக்கு வந்திருந்த விண்ணப்பத்தில் கேட்டிருந்தவை இரண்டு: ஒரு துணி துவைக்கும் இயந்திரம், அதற்கு ஒரு தண்ணீர் இணைப்பு.